பெயரை மட்டும் சொல்லவில்லை

ஐயா,

நீ கேட்ட நோட்டுகள் மூன்றும் பரண்மேல் பழைய சேலை மூட்டைக்கு அடியில் கிடந்தன. அப்பாதான் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தார். பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘ஆலோசனைக் கோட்பாடுகள்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஓரத்தைக் கரையான் கொஞ்சம் அரித்திருக்கிறது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுவேன். நீ கேட்டதற்கு அது போதும். ஆனால் இந்தப் பதினோரு வருடத்தில் நீ என்னிடம் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் இது. அதனால் அந்த நோட்டுகளில் நான் எழுதாமல் விட்டதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது. போனில் இது வராது. நீ “ம்” என்பாய், நான் உடனே சாப்பாட்டுப் பேச்சுக்கு ஓடிவிடுவேன். எழுதினால் பாதியில் நழுவ முடியாது.

நான் இந்தப் படிப்புக்குள் வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பசுமலையில் பதினாறு வருடம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, “டீச்சர், பிள்ளைக எதுனாலும் உங்ககிட்டத்தான் வந்து அழுகுதுக. முறையாக் கவுன்சிலிங் படிச்சுட்டு வந்தீங்கன்னா அந்த வேலையை உங்ககிட்டயே குடுத்துரலாம்” என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது. நீ பத்தாவது. ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனேன். நீயும் அப்பாவும் பரோட்டா வாங்கித் தின்று சமாளித்தீர்கள். படித்து முடித்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் சாமான் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நாற்காலிகளை நேருக்கு நேர் போடக் கூடாது, கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேசுகிறவருக்கு நம் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. விருப்பம் இருந்தால் பார்க்கட்டும், இல்லையென்றால் ஜன்னலைப் பார்க்கட்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நீ நாற்காலி போடும் நாளில் இதை மறக்காதே.

அந்த அறையில் நடந்த எதையும் உனக்கு உதாரணமாகச் சொல்ல மாட்டேன். நீ என் மகன் என்பதற்காக அந்தப் பிள்ளைகளின் கதை உனக்குச் சொந்தமாகிவிடாது. அதனால் கோட்பாடுகளைச் சொல்ல நம் வீட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அந்தக் கதை உனக்கும் எனக்கும் உரியது. பெரும்பங்கு உன்னுடையது.

முதல் நோட்டில் முதல் பாடம், மனதின் அடியில் கிடப்பதைப் பற்றியது. சின்ன வயதில் பட்ட காயமும் பயமும் எங்கும் போய்விடுவதில்லை; நினைவுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்து, பிற்பாடு வேறு உருவத்தில் வெளியே வருகின்றன என்பார்கள். வயிற்றுவலியாக வரலாம், காரணமில்லாத கோபமாக வரலாம், கனவாகவோ வாய்தவறி விழும் சொல்லாகவோ வரலாம். வந்தவரைத் தங்குதடையில்லாமல் பேசவிட்டு, பேச்சில் தட்டுப்படும் நூலிழையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவது ஆலோசகரின் வேலை. எனக்கு அந்தப் பாடம் தலைக்கேறிவிட்டது. யாராவது டம்ளரைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால்கூட அதற்கு ஒரு சிறுவயதுக் காரணம் தேட ஆரம்பித்தேன். அப்பா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இந்தா பாரு, எனக்குப் பசிக்குது. அதான் கத்துனேன். அம்புட்டுத்தான். சின்ன வயசுல எனக்கு ஒண்ணும் நடக்கல” என்றார். நீ புரையேறும்வரை சிரித்தாய். இப்போது எழுதும்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

வெளியே அவ்வளவு தேடிய நான், தேட வேண்டிய இடத்தில் தேடிக் கண்டுபிடித்தபோது என்ன செய்தேன் தெரியுமா? நீ இரண்டாம் வகுப்பில் டிக்டேஷனில் பத்துக்கு மூன்று வாங்கி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். “டீச்சர் மகன் எடுத்த மார்க்கப் பாருங்க” என்று தாளை அவர்களிடம் நீட்டினேன். பிறகு உன்னை அவர்களுக்கு எதிரே நிற்க வைத்து அந்தப் பத்துச் சொல்லையும் சொல்லிச் சொல்லி மறுபடி எழுத வைத்தேன். பென்சில் பிடித்திருந்த உன் கை நடுங்கியது. “விடுங்க டீச்சர், பச்சப்புள்ள” என்றார் ஒருவர். நான் விடவில்லை. பத்தும் சரியாக வந்த பிறகுதான் உட்காரச் சொன்னேன். பல வருடம் கழித்து உனக்குப் பரீட்சைப் பயம் வந்தபோது, படித்த பாடப்படி நூலிழையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அது அந்தச் சாயங்காலத்தில் போய் நின்றது. அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பாடம் முதலாவதற்கு நேரெதிர் திசையில் போகும். தோண்ட வேண்டாம், வழிகாட்ட வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம். எதிரே இருப்பவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொள். அவர் இருக்கும் இடத்திலிருந்து உலகத்தைப் பார்க்க முயற்சி செய். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிக்காதே. இந்த மூன்றும் கிடைத்தால் மனிதர் தன் வழியைத் தானே கண்டுகொள்வார் என்பது அந்தக் கோட்பாடு. படிக்கும்போது, இதைச் செய்ய டிப்ளமா எதற்கு என்று நினைத்தேன். செய்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, சும்மா கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. வாய் தானாகத் திறக்கும். ‘நான் சொல்றதக் கேளு’ என்று நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்க வேண்டும்.

ஒரே ஒரு தடவை வீட்டில் அதைச் சரியாகச் செய்தேன். நீ பன்னிரண்டாவது, அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உன்னை உன் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு திருமங்கலத்துக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். திருநகரைத் தாண்டியதும் பின்னாலிருந்து, “அம்மா, நான் பிசிக்ஸ் எழுதலம்மா” என்றாய். பழைய நானாக இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே ஏன், எதற்கு என்று கத்தியிருப்பேன். ஓரமாக நிறுத்தினேன். இளநீர் வண்டிக்காரர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு உன் பக்கத்தில் நின்றேன். நீ குடித்து முடிக்கும்வரை நான் பேசவில்லை.

“கை நடுங்குச்சும்மா. பேனாவப் பிடிக்க முடியல. பக்கத்துல இருக்கவன் பாக்குறான்னு தோணுச்சு. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் போயி உள்ளயே உக்காந்துட்டேன். பெல் அடிக்கிற வரைக்கும்.”

“பெல் அடிக்கிற வரைக்கும் உள்ளயே இருந்திருக்க.”

“ம்.”

“பயமா இருந்துச்சாய்யா?”

“பயம்னு இல்லம்மா. அசிங்கமா இருந்துச்சு.”

“அசிங்கமா இருந்துச்சு” என்று நீ சொன்னதையே நானும் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். அவர்கள் சொன்ன சொல்லையே திருப்பிக் கொடு என்று நோட்டில் இருந்தது. அந்தச் சொல் உன்னிடம் திரும்பி வந்ததும் நீ அழுதுவிட்டாய். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இளநீர்க்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அழுது முடித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “அப்பாட்டகூடச் சொல்லாதம்மா. யார்ட்டயும் சொல்லாத” என்றாய். “சொல்ல மாட்டேன்யா” என்றேன். கேட்கத் தெரிந்த அம்மாவாக நான் இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

அதன் பிறகு என்ன செய்தோம் என்பது உனக்கே தெரியும். அதற்கான பெயர்கள் மட்டும் அப்போது தெரிந்திருக்காது. மூன்றாவது பாடம், பழக்கம் பற்றியது. பயம் கற்றுக்கொண்ட ஒன்று என்றால், அதைக் கற்ற வழியிலேயே மறக்கவும் வைக்கலாம். ஏணியைப் போலப் படிப்படியாக ஏற வேண்டும். கீழ்ப்படியில் நெஞ்சு படபடப்பது நிற்கும்வரை அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. நாம் அப்படித்தான் செய்தோம். முதலில் வீட்டு மேசையில் கடிகாரத்தை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாய். பிறகு வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. பிறகு திருப்பி வைத்துக்கொண்டு. அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஆளில்லாத எங்கள் பள்ளி வகுப்பறையில், பெஞ்சில் உட்கார்ந்து, வாட்ச்மேன் அண்ணனை மேற்பார்வையாளராக நிற்க வைத்து. அவர் உண்மையிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உன்னைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு தடவை நான் அவசரப்பட்டு இரண்டு படி தாண்ட வைத்தேன். அன்றைக்கு நீ வாந்தி எடுத்தாய். மறுபடி கீழிருந்து ஆரம்பித்தோம். உன்னிடம் வருகிறவர்களை அவசரப்படுத்தாதே. அவசரம் பெரும்பாலும் நமக்குத்தான் இருக்கும்.

நான்காவது பாடம், எண்ணத்தைப் பற்றியது. நடந்த சம்பவத்துக்கும் நம் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. மின்னல் மாதிரி வந்துபோவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. அதைப் பிடித்து உட்கார வைத்து, நீ சொல்வது உண்மையா, அதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் பாதிப் பயம் இறங்கிவிடும் என்பார்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்துக் கொடுத்தேன். என்ன நடந்தது, மனது என்ன சொன்னது, அதற்குச் சாட்சி என்ன. நீ நடுப்பத்தியில் எழுதினாய்: ‘கை நடுங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.’ சாட்சிப் பத்தி காலியாக இருந்தது. “அடுத்த பரீட்சையில ஒரே ஒரு தடவ தலைய நிமித்தி, எத்தன பேரு ஒன்னையப் பாக்குறாங்கன்னு எண்ணிட்டு வாய்யா” என்றேன். திருப்புதல் தேர்வு முடிந்து ஓடி வந்தாய். “ஒருத்தன்கூடப் பாக்கலம்மா! எல்லாம் அவனவன் பேப்பர்ல கவுந்து கெடக்கான்” என்றாய். பிசிக்ஸ் முழுத்தாளும் எழுதியிருந்தாய். முதல் பத்து நிமிடம் கை நடுங்கியதாம், பிறகு நின்றுவிட்டதாம். அன்றைக்கு உன்னைக் கூட்டிப்போய்க் கறிதோசை வாங்கிக் கொடுத்தேன். நீ இரண்டு தின்றாய். சாட்சிப் பத்தியில் ‘ஒருவனும் பார்க்கவில்லை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாய்.

இதுவரை எழுத எனக்குக் கை ஓடியது. இனிமேல் மெதுவாகத்தான் போகும்.

பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பொதுத்தேர்வு வருகிறது, பிள்ளைகளின் பயத்தைப் பற்றி ஆலோசகர் பேச வேண்டும் என்றார்கள். ஹால் நிறைய ஆட்கள். நான் நோட்டிலிருந்து கோட்பாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் கூட்டம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கொட்டாவி விட்டார். பேச்சு படுத்துவிட்டது என்று மேடையில் நிற்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்போது என் வாயிலிருந்து, “எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்” என்று வந்தது. அந்த நான்கு சொல்லுக்கும் ஹாலில் தலைகள் நிமிர்ந்தன. அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. கை நடுங்கியது, பாத்ரூமில் பெல் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தது, சனிக்கிழமை வெறும் வகுப்பறை, மூன்று பத்தி நோட்டு, இரண்டு கோடு எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் ஐயா, அதுதான் கொடுமை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே குரலை இறக்க வேண்டுமோ அங்கே இறக்கிச் சொன்னேன். முடித்தபோது நெடுநேரம் கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் ஓர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், அந்தப் பையன் யாரு, நம்ம ஏரியாவா?” என்றார். சிரித்தேன். பெருமை தாங்காத ஒரு சிரிப்பு. அதைவிட என்ன பதில் வேண்டும்? அவருடைய மகள் எங்கள் பள்ளியில் படித்தாள். மகன் உன் வகுப்பில், உனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அரையாண்டில் நீ பாத்ரூம் போய்த் திரும்பி வராதது அவனுக்குத் தெரியும். மீதியை நான் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் வருவதற்குள் நீ பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருந்தாய். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாய். சட்டைகூட மாற்றவில்லை.

“மாப்ள, கை நடுங்குதா, நான் வேணா பேனாவப் பிடிச்சுக்கிறட்டான்னு கேக்குறான்மா. எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. உங்கம்மாதான் மைக்குல சொன்னாங்களாமேங்கிறான்.”

“நான் உன் பேரச் சொல்லலையேய்யா” என்றேன்.

“என் பேர மட்டும்தாம்மா சொல்லல. மீதி எல்லாத்தையும் சொல்லிட்ட.”

அந்த மூன்று பத்தி நோட்டைக் கொண்டுவந்து அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். பிரித்துப் பார்த்தேன். புதிதாக ஒரு வரி எழுதியிருந்தாய். நடுப்பத்தியில், ‘எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.’ சாட்சிப் பத்தியில், ‘அம்மா.’

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் ஒரு வாரம் முழுக்க உனக்கு விளக்கம் சொன்னேன். மற்ற பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் சொன்னேன், அந்த அம்மா இருப்பது தெரியாது, உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினேன். ஒவ்வொரு விளக்கமும் நீ சாத்திக்கொண்டிருந்த கதவை இன்னும் ஒரு விரற்கடை சாத்தியது. அதுவும் போதாமல் ஐந்தாவது பாடத்தைக் கையில் எடுத்தேன். பிரச்சினையைத் தோண்டாமல் தீர்வைப் பார்க்க வைக்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் ஒரு கேள்வி வரும், நீயும் படிப்பாய். ‘நாளைக் காலையில் எழும்போது இந்தப் பிரச்சினை எப்படியோ தீர்ந்துபோயிருந்தால், எதை வைத்து அது தீர்ந்தது என்று முதலில் தெரிந்துகொள்வாய்?’ உன் அறை வாசலில் நின்று, குரலை மென்மையாக்கி இதைக் கேட்டேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “நீ இந்த மாதிரிக் கேள்வி கேக்க மாட்ட” என்றாய். வீட்டு ஆட்களிடம் இந்தக் கருவிகளை எடுக்காதே, ஐயா. அவர்களுக்கு ஆலோசகர் தேவையில்லை. மகனோ புருஷனோ அம்மாவோதான் தேவை.

அப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரியவந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. தன் மோட்டார் ரிப்பேர்க் கடையிலிருந்து வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “ஒரு மோட்டார என்னை நம்பிக் கொண்டாந்து எறக்குறான். கழட்டி வேல பாக்குறேன். உள்ள இருக்கத எடுத்து ரோட்டுல பரப்பி வச்சு, இந்தா பாருங்க எப்படிக் கருகிக் கெடந்துச்சுன்னா காட்டுவேன்?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிப்போனார். பள்ளி விட்டதும் நீ அவர் கடைக்குப் போய், அவர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து படித்தாய். அவர் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். எதுவும் கேட்காமல் ஒருவர் பக்கத்தில் இருப்பது எப்படி என்று என் இரண்டாவது பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவர் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நீ பொதுத்தேர்வு எழுதினாய். கை நடுங்க நடுங்க எழுதினாய் என்று அப்பாவிடம் சொன்னாயாம். ஆனால் எழுந்து வெளியே போகவில்லை. எதிர்பார்த்ததைவிட மார்க் குறைந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. மதுரையில் கல்லூரி கிடைத்தும் கோயம்புத்தூர் என்று எழுதிக் கொடுத்தாய், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதிலிருந்து நமக்குள் ‘சாப்ட்டியா’, ‘சாப்ட்டேன்’, ‘நல்லாருக்கியா’, ‘இருக்கேன்’. நான்கு சொல்லில் பதினோரு வருடம் ஓட்டினோம். நீ மரியாதைக் குறைவாக ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உனக்கு வேலையில் ஏதோ சிக்கல் வந்து அப்பாவைக் கூப்பிட்டிருந்தாய். அவர் போனில் யார் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். நான் உள்ளறையில் இருந்தேன். உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. கதவோரமாக இரண்டு எட்டு வைத்தேன். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, கொத்தமல்லி வாங்கி வாரேன் என்று வெளியே போய்விட்டேன். வீட்டில் கொத்தமல்லி இருந்தது. சொல்ல வேண்டும் என்று நீ நினைக்காததைக் கேட்காமல் இருப்பது மட்டும்தான் அப்போது உனக்காக நான் செய்யக்கூடியதாக இருந்தது. திரும்பி வந்தபோது அப்பாவின் கண் சிவந்திருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. எந்தப் பிள்ளையின் கதையையும், பெயரை மாற்றியோ ஊரை மாற்றியோ, எங்கும் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றிய இரண்டு மூன்று சமயத்தில் மட்டும் வீட்டாரிடம் பேச வேண்டியிருந்தது. அதையும் அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு, இன்னாரிடம் இதை மட்டும் சொல்லப்போகிறேன், நீயும் கூட இரு என்று கேட்டுவிட்டுத்தான் செய்தேன். அந்த ஒரு இடத்தில் ரகசியத்தைத் திறந்துதான் ஆக வேண்டும், அதற்குத் தயங்காதே. மற்றபடி பூட்டியது பூட்டியதுதான். ஊரில் என்னை நம்பலாம் என்று பெயர் வந்திருக்கிறது. யாராவது அப்படிச் சொல்லும்போது என்னால் முகம் கொடுக்க முடியாது. நான் அதைக் கற்றுக்கொண்டதற்கு நீ பாடப்புத்தகமாக இருந்தாய், உன்னைக் கேட்காமலே.

யோசித்துப் பார்த்தால் இரண்டாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நான் செய்தது ஒரே காரியம். உன்னை நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டினேன். ஒரு தடவை என் அவமானமாக, இன்னொரு தடவை என் வெற்றியாக. இரண்டிலும் நீ இல்லை, நான்தான் இருந்தேன். உனக்கு ஒருநாள் ஒருவர் குணமாகி எழுந்து போவார். அன்றைக்கு உனக்கு மனம் பொங்கும், யாரிடமாவது சொல்லத் துடிக்கும். கவனமாக இரு. தோல்வியடைந்த நாளைவிட அந்த நாளில்தான் நாம் தப்புச் செய்வோம்.

போன வாரம் நீ வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வேலையை விட்டுவிட்டேன், பெங்களூரில் ஒரு படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்றாய். “அது என்ன படிப்பு?” என்றார் அப்பா. “அம்மா படிச்சதுதாம்ப்பா. இது ரெண்டு வருசம்” என்று நீ சொன்னபோது நான் குழம்புச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். உன் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் கேட்டேன், “ஏய்யா, எம்புட்டோ படிப்பு இருக்க, இத எதுக்கு எடுத்த?” என்று.

நீ பையைத் தோளில் மாற்றிக்கொண்டாய். “நீ சொல்லிக்குடுத்தது வேல செஞ்சுச்சும்மா. கை இப்பவும் எப்பயாச்சும் நடுங்கும். ஆனா எந்திரிச்சுப் போறதில்ல. அது நீ குடுத்ததுதான.” பஸ் வரும் பக்கம் பார்த்துவிட்டு, “அதுக்கப்பறம் நீ செஞ்சதும்தான் காரணம். ஒருத்தர்ட்டச் சொன்னா அது அங்கேயே இருக்கணும்மா. அப்படி ஒரு ஆளா நான் இருக்கலாம்னு தோணுச்சு” என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாய். பஸ் வந்தது. “வாரேம்மா. நோட்ட மறக்காம அனுப்பு” என்று ஏறிவிட்டாய். நான் சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது சொல்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உன்னிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, உன் கதையை எடுத்து ஊருக்குச் சொன்னேன். அது தப்பு. உனக்கு வலித்தது, இத்தனை வருடம் வலித்திருக்கிறது. என்னை மன்னித்துவிடு. இதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று எழுத எனக்கு எதுவும் இல்லை. மன்னிக்க முடியவில்லை என்றால் அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். நீ பதில் எழுதியாக வேண்டும் என்றும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் படிப்பில் முதல் பருவத்திலேயே, பிறர் மனதைத் தொடுவதற்கு முன் உன் மனதைப் பார் என்று சொல்லி, அவரவர் வளர்ந்த வீட்டைப் பற்றி எழுதி வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள். எங்களுக்கும் வைத்தார்கள். நான் என் பெற்றோரைப் பற்றி நல்லதை மட்டும் பொறுக்கி எழுதி வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். அதனால்தான் அந்தப் படிப்பில் பாதி எனக்குள் இறங்கவே இல்லை. நீ அப்படிச் செய்யாதே. நடந்ததை நடந்தபடி எழுது. அம்மாவைப் பற்றி எழுதலாமா, கேட்டுவிட்டு எழுதலாமா என்று நீ யோசிப்பாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. கேட்பதற்கு உனக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் நானே முந்திக்கொண்டு எழுதிக் கொடுக்கிறேன். என்னைப் பற்றி எது வேண்டுமானாலும், யார் முன்னால் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்ல உனக்குச் சம்மதம் தருகிறேன். பெயரை மாற்ற வேண்டாம்.

அம்மா